அண்ணனின் சிவப்புப் பூட்டு

புதுவாயல் கூட்ரோட்டுப் பெட்ரோல் பங்க்கில் நான் நின்றுகொண்டிருக்கிறேன். கையில் இரண்டு பேருக்கான சாப்பாட்டுக் கூடை. என் கண்ணெதிரே என் அண்ணன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறான். பெட்ரோல் போடுவதற்காக இறங்கி நின்ற தங்கையைத் திரும்ப ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கத்தினேன். பங்க்கில் பெட்ரோல் போட்டவரும் என்னோடு சேர்ந்து கத்தினார். பின்னால் ஆள் இருப்பதாக நினைத்து அவன் ஏதோ பேசிக்கொண்டே போனது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. கம்பெனி வாசலில் செக்யூரிட்டி, “இன்னா, தங்கச்சி இன்னிக்கு லீவா?” என்று கேட்டபோதுதான் திரும்பிப் பார்த்தானாம். ஷேர் ஆட்டோ பிடித்து நான் போய்ச் சேர்ந்தால், என்னிடமே கோபித்துக்கொண்டான். “எறங்குனா எறங்கிட்டேன்னு சொல்ல மாட்டியா நீ?”

அண்ணனை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான். பாசமான அண்ணன் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பாசத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அந்தப் பாசத்தோடு ஒரே வண்டியில் தினமும் காலையில் வேலைக்குப் போனவள் நான். அந்தப் பேஜாரு எனக்குத்தான் தெரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள் அவை. கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் டைம் ஆபீஸில். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்ப்பது என் வேலை. அவன் மெயின்டனன்ஸில் பிட்டர். அவன் ஷிப்ட் மதியத்தோடு முடியும், எனக்குச் சாயங்காலம் வரை வேலை. எங்கள் நைனா காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை. நாற்றுப் பறிக்க அனுப்பினால் அண்ணன் வரப்பில் நண்டு பிடித்துக்கொண்டிருப்பான். மடையைத் திறந்துவிட்டு வா என்றால் திறந்துவிட்டு வருவான். மூட வேண்டும் என்ற நினைப்பே இருக்காது. நைனா அவனுக்கு வைத்த பெயர் தண்டச்சோறு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சோம்பேறி என்று வைத்தார். ஆனால் இயந்திரம் என்று வந்தால் அவன் வேறு ஆள். கழற்றிப் போட்ட எதையும் மாட்டாமல் விடமாட்டான். அந்த ஒன்றை நம்பித்தான் நான் மேனேஜரிடம் சொல்லி அவனை உள்ளே சேர்த்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் மண் மிக்ஸர் என்று ஒன்று இருந்தது. வார்ப்பு அச்சு செய்வதற்கான மண்ணைக் கலக்கும் பெரிய தொட்டி. உள்ளே இரும்புக் கைகள் சுற்றும். அதன் தகடுகள் தேய்ந்தால் ஒரு ஆள் தொட்டிக்குள் இறங்கித்தான் மாற்ற வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே யாராவது ஸ்விட்ச்சைப் போட்டுவிட்டால் அவ்வளவுதான், அள்ளக்கூட எதுவும் மிஞ்சாது. அதனால் ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். இறங்குகிற ஆள் கீழே இருக்கும் ஸ்விட்ச் பெட்டியில் தன் சிவப்புப் பூட்டைப் போட வேண்டும். பூட்டில் அவன் போட்டோ தொங்கும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி, அது அவன் சட்டைப் பையில். வேலை முடித்து வெளியே வந்து அவனேதான் திறக்க வேண்டும். முதலாளியே வந்து நின்றாலும் அடுத்தவர் பூட்டில் கை வைக்கக் கூடாது. நல்ல வழக்கம்தான். என் அண்ணனைப் போல ஒருவனும் அங்கே வேலை செய்வான் என்று அதை ஏற்படுத்தியவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தொட்டிக்குள் இறங்குவான், வேலையைச் சுத்தமாக முடிப்பான், மேலே வருவான். அதற்குள் மனம் எங்கோ போயிருக்கும். பூட்டு பூட்டியபடி தொங்க, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். அடுத்த ஷிப்ட்காரர்கள் வந்து பார்த்தால் மிக்ஸர் ஓடாது. மிக்ஸர் ஓடாவிட்டால் மண் இல்லை, மண் இல்லாவிட்டால் அச்சு இல்லை, உலையில் இரும்பு உருகிக் காத்துக்கொண்டிருக்கும். உடனே டைம் ஆபீஸ் போன் அடிக்கும். “உங்க அண்ணன் எங்கம்மா?” அவன் செல்போன் எடுக்க மாட்டான், ஏனென்றால் அது வீட்டில் அரிசிப் பானைமேல் இருக்கும். ஒருமுறை ஆட்டோ வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் அங்கேயும் ஆள் இல்லை. வழியில் பழைய கூட்டாளி ஒருவனைப் பார்த்தானாம், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவனோடு பேசிக்கொண்டே ஊத்துக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டானாம். ஊத்துக்கோட்டைச் சந்தையில் தர்பூசணி தின்றுகொண்டிருந்தவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, “நீ இன்னா இங்க?”

அண்ணி அவனுக்கு வல்லாரைக் கீரை செய்து போட்டாள். காலையில் வல்லாரைத் துவையல், மதியம் வல்லாரைக் கூட்டு. அவன் ருசித்துத் தின்றான், ஞாபகம்தான் வரவில்லை. கடைசியில் கம்பெனிக்கு வாரம் ஒருநாள் வரும் டாக்டர்தான் சென்னையில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். அண்ணி கேட்டதும் ஒரே அழுகை. “பைத்தியம்னு சொல்றாங்களா?” என்றாள். அவளைச் சமாதானப்படுத்தி வீட்டில் விட்டுவிட்டு, லீவு போட்டுக்கொண்டு, நான் அவனைக் கூட்டிக்கொண்டு சென்னை ரயிலில் ஏறினேன்.

அந்த மருத்துவர் நிதானமானவர். சின்ன வயதிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் பாதிப் பேச்சில் எழுந்துபோய், ஜன்னல் கொக்கி சரியாக மாட்டவில்லை என்று அதை நெம்பிக்கொண்டிருந்தான். மருத்துவர் அவனைத் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, இது கவனக்குறைவுக் கோளாறு, பிறவியிலேயே மூளையில் இருக்கிற ஒரு வித்தியாசம், பெரியவர்களுக்கும் இருக்கும், இங்கே அதிகம் பேர் கண்டுபிடிப்பதில்லை என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கவனக்குறைவு என்று சொல்லவா ரயிலேறி வந்தோம்? அதைத்தான் வாத்தியார் பிரம்பால் சொன்னார், நைனா செருப்பால் சொன்னார். இவர் பீஸ் வாங்கிக்கொண்டு சொல்கிறார். “ஒண்ணுல கவனம் நிக்காது. ஆனா பிடிச்ச வேலைல இறங்கிட்டா, பக்கத்துல வெடி வெடிச்சாலும் தெரியாது. ரெண்டும் ஒரே விஷயம்தான்” என்றும் சொன்னார். முதல் பாதியை மட்டும் நான் மண்டையில் ஏற்றிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது அண்ணன் ரயிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மீஞ்சூர் தாண்டியதும், “அப்ப நான் சோம்பேறி இல்லியா?” என்றான். நான் பதில் சொல்வதற்குள், “நைனா இருந்திருந்தா சொல்லியிருக்கலாம். இதுக்கு ஒரு பேரு கீது நைனா, நான் வேணும்னு பண்லன்னு” என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பாவம், நாற்பதை நெருங்குகிற மனுஷன்.

அந்த இரக்கம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அதற்கு அவன்தான் காரணம். அதுவரை எதையாவது மறந்தால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான், நாமும் திட்டிவிட்டு விட்டுவிடலாம். இப்போது டாக்டர் பேரைச் சொல்ல ஆரம்பித்தான். கேஸ் புக் பண்ணவில்லையா? மூளையில் ஒரு கெமிக்கல் கம்மி. கரண்ட் பில் கட்டவில்லையா? கெமிக்கல் கம்மி. அண்ணி ஒருநாள் தண்ணீர்க் குடத்தை நடு வீட்டில் நங்கென்று வைத்தாள். “கெமிக்கல் கம்மின்னா கொடம் தூக்க முடியாதா? கையி இன்னா, மூளைலயா மொளச்சிருக்கு?” என்றாள். மாத்திரை ஒன்றும் கொடுத்திருந்தார்கள். மறதிக்காரனுக்கு மாத்திரை, அதை அவன் மறக்காமல் போடுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளும் நான்தான். தினமும் காலையில் நாஷ்டா முடிந்ததும் அவன் வாயில் போட்டு, விழுங்கினானா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவேன்.

கம்பெனியில் மட்டும் யாரிடமும் சொல்லாதே என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தேன். கேன்டீனில் டீ குடிக்கும்போது பத்துப் பேரிடம் சொல்லிவிட்டான், அதுவும் பெருமையாக. சாயங்காலமே மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். “மூளைக்கு மாத்திரை சாப்பிடுற ஆளை மிஷினுக்குள்ள எப்படிம்மா இறக்குறது? கேன்டீனுக்கோ தோட்டத்துக்கோ மாத்திடுறேன்” என்றார். தோட்ட வேலைக்குப் போட்டால் செடிக்குத் தண்ணீர் விட மறப்பான், ஒரு மாதத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதைவிட, ஸ்பேனர் பிடிக்கிற வேலை ஒன்றில்தான் அவனை யாரும் தண்டச்சோறு என்று சொன்னதில்லை. அதையும் பிடுங்கிவிட்டால் அவன் உடைந்துபோவான். கெஞ்சினேன். மேனேஜர் யோசித்துவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அண்ணன் பூட்டுக்கு மாற்றுச் சாவி. இருக்கவே கூடாத சாவி. “இது உங்ககிட்ட இருக்கட்டும். அவர் மறந்துட்டுப் போனா நீங்க திறந்து விடுங்க. லைன் நிக்கக் கூடாது, அவர் வேலையும் போகக் கூடாது. அவருக்குத் தெரிய வேணாம், சங்கடப்படுவாரு.” நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். டைம் ஆபீஸில் என் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

வேடிக்கை என்னவென்றால், அதன் பிறகு அந்தச் சாவிக்கு வேலையே வரவில்லை. எதையும் ஞாபகத்தை நம்பி விடாதே, ஞாபகம் இல்லாவிட்டாலும் நடக்கிற மாதிரி ஏற்பாடு செய் என்று மருத்துவர் சொன்னதை அண்ணன் தன் பாணியில் பிடித்துக்கொண்டான். தொட்டிக்குள் இறங்கும்போதெல்லாம் வண்டிச் சாவியைக் கொண்டுபோய்ச் சிவப்புப் பூட்டிலேயே மாட்டிவிடுவான். வீட்டுக்குக் கிளம்பி வண்டியை உதைக்கப் போனால் சாவி இருக்காது. சாவியைத் தேடிப் பூட்டுக்கு வந்தால் பூட்டைத் திறந்துதானே ஆக வேண்டும்? இதை அவனே யோசித்துக் கண்டுபிடித்தான். மாதக்கணக்கில் ஒரு நாள்கூடப் பூட்டு தொங்கவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை. நம்பவும் இல்லை. இன்றில்லாவிட்டால் நாளை கோட்டை விடுவான் என்று காத்துக்கொண்டேதான் இருந்தேன்.

அந்த நாள் வந்தது. அதற்கு முந்தின நாள்தான் வண்டி கிளட்ச் போய் மெக்கானிக்கிடம் கிடந்தது. காலையில் இருவரும் ஷேர் ஆட்டோவில் போனோம். ஒன்பது பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்ததில் என் புடவை கசங்கியது என்று வழி நெடுக அவனைத் திட்டிக்கொண்டே போனேன். கிளட்ச் போனதற்கு அவன் என்ன செய்வான் என்று நீங்கள் கேட்கலாம். அவனைத் திட்டுவது எனக்குப் பழகிவிட்டிருந்தது.

மதியத்துக்கு மேல் ஷிப்ட் மாறியது. கொஞ்ச நேரத்தில் மேனேஜரும் இரண்டாம் ஷிப்ட் சூப்பர்வைசரும் டைம் ஆபீஸுக்கு வந்து நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. “மிக்ஸர்ல பூட்டு தொங்குதும்மா. ஒரு தகடு மாத்துற வேலை, மாத்தியாச்சுன்னு கூட இருந்தவரே சொல்லிட்டுப் போனாரு. பூட்டுல வண்டிச் சாவியும் இல்ல, ஸ்டாண்டுல வண்டியும் இல்ல. உங்க அண்ணன் கிளம்பிட்டாரு” என்றார் சூப்பர்வைசர். செக்யூரிட்டி வேறு, “வண்டி இல்லீங்க, நான் பாத்தேன்” என்றார். நானும் தலையாட்டினேன். அவன் வெளியே போனதற்கு டைம் ஆபீஸில் கார்டு பஞ்ச் ஆகவில்லை. ஆனால் என்றைக்கு அவன் ஒழுங்காகப் பஞ்ச் அடித்திருக்கிறான்? தினமும் அவனுக்குப் பதில் நான்தான் சரி செய்துகொண்டிருந்தேன். உலையில் இரும்பு காத்துக்கொண்டிருந்தது. இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தேன்.

ஸ்விட்ச் பெட்டி கீழ்த்தளத்தில், மிக்ஸர் இரும்புப் படிக்கட்டு ஏறிப் போகும் மேல்தளத்தில். உலைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. பெட்டியைச் சுற்றி ஷிப்ட் ஆட்கள் எல்லோரும் கூடி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். “இன்னிக்கு எந்த ஊரு பஸ்ல ஏறினாரோ” என்று ஒருவர் சொன்னது எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது. பூட்டுத் துவாரத்தருகே சாவியைக் கொண்டுபோனேன். அதில் தொங்கிய போட்டோவில் அண்ணன் பல்லெல்லாம் தெரிய சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. இத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நீ மட்டும் ஜாலியாகச் சிரித்துக்கொண்டு தொங்குகிறாயா? எத்தனை நாளைக்கு உனக்கு நான் மூளையாக இருப்பது? சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டேன். “நான் திறக்க மாட்டேன் சார். இது அவன் பூட்டு. ஊத்துக்கோட்டைல இருந்தாலும் சரி, ஊரைத் தாண்டிப் போயிருந்தாலும் சரி, அவனே வந்து திறக்கட்டும். வேலை போனா போகட்டும்!” என்று கத்தினேன். மேனேஜர் சாவிக்காகக் கையை நீட்டினார். நான் கையைப் பின்னால் கொண்டுபோனேன். “நேரம் ஆகுதும்மா” என்று அவர் ஒரு அடி முன்னால் வைத்தார்.

அப்போதுதான் படிக்கட்டில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. தலை முதல் கால் வரை கருமண் பூசிக்கொண்டு, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு அண்ணன் இறங்கி வந்தான். டார்ச்சை எடுத்துவிட்டு, “பெரிய ஸ்பேனர் ஒண்ணு குடுங்கபா. ஒரு தகடுன்னு போனேன், எல்லாமே தேஞ்சு கீது. முழுசா மாத்திக்கினு இருக்கேன்” என்றான். அவன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். “ஷிப்ட் முடிஞ்சிடுச்சா இன்னா?” என்றான். வேலையில் மூழ்கிவிட்டிருக்கிறான். அன்றைக்கு அவன் மறந்தது வீட்டுக்குப் போவதை. பூட்டை மறக்கவில்லை. பூட்டு எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் இருந்தது.

பின்னால் மறைத்திருந்த கை தானாக முன்னால் வந்து விரிந்திருக்க வேண்டும். அவன் என் உள்ளங்கையைப் பார்த்தான். தன் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தான். அங்கே அவன் சாவி இருந்தது. “என் பூட்டுக்கு ரெண்டு சாவியா?” என்று மெதுவாகக் கேட்டான். மேனேஜர் தரையைப் பார்த்தார். அண்ணன் கோபப்படவில்லை. என் கையிலிருந்து அந்தச் சாவியை எடுத்து, தரையில் வைத்து, இடுப்பில் செருகியிருந்த சுத்தியலால் ஒரே அடியாக நசுக்கினான். ஸ்பேனரை வாங்கிக்கொண்டு படியேறினான். வேலையை முடித்துவிட்டு வந்து, தன் சாவியால் தன் பூட்டைத் திறந்தான். அதுவரை ஒருவரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கம்பெனியில் என்னைத் தெய்வம் ஆக்கிவிட்டார்கள். கூடப்பிறந்தவளுக்கு உள்ளுக்குள் ஏதோ சொல்லியிருக்கிறது, அதனால்தான் திறக்காமல் தடுத்தாள் என்று பேசிக்கொண்டார்கள். மேனேஜரே அப்படித்தான் சொன்னார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உள்ளுக்குள் எனக்கு ஒரு மண்ணும் சொல்லவில்லை. கோபம் வந்தது, அவ்வளவுதான். அன்றைக்குக் காலையில் கொஞ்சம் நல்ல மனநிலையில் இருந்திருந்தால் பூட்டைத் திறந்திருப்பேன். இதை யாரிடம் சொன்னாலும் தன்னடக்கம் என்கிறார்கள். இதைவிட எரிச்சல் உலகத்தில் வேறு இருக்க முடியாது.

அன்று சாயங்காலமும் ஷேர் ஆட்டோவில்தான் திரும்பினோம். கூட்டம் இல்லை. புதுவாயல் வந்ததும், “காலைல ரெண்டு பேரும் இதே மாதிரி ஆட்டோலதானே வந்தோம்?” என்றான். ஆமாம் என்றேன். “வண்டி இல்லைன்னு அவனுங்க சொன்னப்ப உனக்கு அது ஞாபகம் வரலியா?” வரவில்லை என்றேன். “பூட்டு தொங்குனா உள்ள ஆள் கீதுன்னு அர்த்தம். அத்தினி பேர் நின்னீங்களே, ஒருத்தனுக்கும் அது ஞாபகம் வரலியே. எனக்கு டாக்டர் ஒரு பேரு சொன்னாரு. உங்களுக்கெல்லாம் இன்னா பேரு?”

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். “பேசாம வாண்ணா” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நடுரோட்டில் அழுதிருப்பேன்.

மறுநாள் காலை மாத்திரை போடும்போது, மன்னிப்புக் கேட்பதற்காக இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் விழித்தான். “எந்த சாவி?” என்றான். நடித்தானா, நிஜமாகவே மறந்துவிட்டானா, எனக்கு இன்றுவரை தெரியாது. வருடங்கள் ஓடிவிட்டன. அவன் பேத்தியோடு விளையாடிக்கொண்டு, அவளைக் கடையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, அண்ணியிடம் திட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறான். படுத்தால் தூக்கம் வருகிறது அவனுக்கு. எனக்குத்தான் அந்த வியாதி இல்லையே. பூட்டுத் துவாரத்துக்கும் என் கைக்கும் இருந்த இடைவெளி ஒரு விரற்கடைதான் என்பது எனக்கு மறப்பதே இல்லை.